என்ஜினை அணைக்காமல் நிறுத்திய கார்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு காரின் கண்ணாடியைக் கல்லால் உடைத்தேன். ஜப்பான் கார். அதுவும் என் மாப்பிள்ளையுடையது!

தங்கை வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து இறக்கிய வண்டி. செஞ்சியில் எங்கள் தெரு அம்பாசிடர் வந்தாலே எழுந்து நின்று பார்க்கும். இதிலோ பட்டனைத் தொட்டால் கண்ணாடி இறங்குகிறது. டிரைவர் பக்கம் பூட்டினால் நாலு கதவும் 'டக்'கென்று பூட்டிக்கொள்கின்றன. கிளட்ச்சே கிடையாது. ஒரு குச்சியை இழுத்தால் வண்டி நகரும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயத்தில் மட்டும் எம்.ஏ. வரை போயிருக்கிறேன்.

"கரண்ட் போச்சின்னா கதவு எப்படித் தொறக்கும் மாப்ள?"

"இது இன்னா உங்க தெரு லைட்டா மச்சான், நெனச்சப்பல்லாம் போறதுக்கு?"

வீடே சிரித்தது.

அன்று அவர்கள் மெட்ராஸ் கிளம்ப வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். சாமான் கட்டி முடியவில்லை. நம் வழக்கம்தான் தெரியுமே — முன்கூட்டியே வண்டியைத் தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆனால் என்ஜினை அணைக்கக் கூடாது! அணைத்தால் ராகுகாலத்தில் மறுபடி கிளப்ப வேண்டுமே?

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. தங்கையின் மூன்று வயது மகள் செல்வி பின்சீட்டில் தூங்கினாள். மீதி மூட்டையை எடுக்க எல்லோரும் வீட்டுக்கு வந்தோம்.

திரும்பிப் போனால்... செல்வி டிரைவர் சீட்டில் நிற்கிறாள். பூட்டைத் தட்டிவிட்டிருக்கிறாள். ஒரு கதவும் திறக்கவில்லை.

"இன்னொரு சாவி எங்க மாப்ள?"

"பெட்டியில."

"பெட்டி?"

"டிக்கியில..."

தெரு சரிந்து போய் இறங்குவது திண்டிவனம் ரோட்டில். பஸ் பறக்கிற ரோடு. செல்வி இரண்டு கையாலும் கியர் குச்சியைப் பிடித்து ஆட்டுகிறாள்.

"கண்ணு, அதத் தொடாதடி!" தங்கை கண்ணாடியில் அடித்துக் கத்தினாள். குழந்தை சிரித்தது.

நான் கல்லை எடுத்தேன்.

"ஐயோ மச்சான்! அந்தக் கண்ணாடி இங்க எங்கயும் கெடைக்காது!"

"புள்ள மட்டும் கெடைக்குமா? நீ ஒடைண்ணா!"

பின்கதவுக் கண்ணாடியில் போட்டேன். கையை விட்டுக் கதவைத் திறந்து குழந்தையை வாரினேன். மாப்பிள்ளை உள்ளே பாய்ந்து சாவியைத் திருகினார். என்ஜின் நின்றது.

"கம்ப்யூட்டர் வண்டின்னா இப்படித்தான்பா" என்றது தெரு.

இல்லை. பயந்தாங்கொள்ளி நானே அடித்துச் சொல்கிறேன் — வண்டி தப்புச் செய்யவில்லை. பூட்டச் சொன்னார்கள், பூட்டியது. சொன்னவருக்கு மூன்று வயசா முப்பது வயசா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஓடுகிற வண்டியில் குழந்தையை விட்டுப் போனது நாங்கள்.

வண்டி செய்கிறவர்களே... எத்தனை பட்டன் வேண்டுமானாலும் வையுங்கள். பிரேக்கை மிதித்தால்தான் குச்சி நகரும் என்று ஒன்றைச் செய்துவிட்டு வையுங்கள். முடியாத காரியமா அது?

உடைந்த ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டு, ராகுகாலத்திலேயே கிளம்பினார்கள். ஏறுவதற்கு முன் தங்கை டிக்கியைத் திறந்தாள். இரண்டாவது சாவியை எடுத்துத் தாலிச் சரட்டில் ஊக்கோடு ஊக்காக மாட்டிக்கொண்டாள்.