முதல் வண்டி லாபம்

வெள்ளைச்சாமிக்கு 'ஒன்று' என்று எண்ணிப் பழக்கமே இல்லை. பத்து வயதில் சாத்தூரில் ஒரு தானியக் கடையில் படியைப் பிடித்த கை. முதல் படியை அளந்து கொட்டும்போது "லாபம்" என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. 'ஒன்று' என்று தொடங்கினால் கடை விளங்காது என்பது அந்தத் தொழிலில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. பிறகு ராயப்பேட்டை மார்க்கெட்டில் பதினாறு வருஷம் அளந்தார். ரேஷன் வந்து கடை படுத்துவிட்டது. அடையாற்றில், நகர விருத்தி போர்டின் சாமான் கிடங்கில் வேலை கிடைத்தது. ஜல்லி வண்டி வர வர நோட்டில் குறிப்பார்: லாபம், 2, 3, 4. மூன்று வருஷம் அப்படியே குறித்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. படித்தால்தானே சொல்வதற்கு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் வருமான வரி ஆபீஸ் படித்தது.

போர்டு, தியாகராய நகரில் மனை பிரித்து விற்று, அந்தப் பணத்தில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் பொதுஜன நன்மைக்காக. ஆகவே தர்ம ஆஸ்பத்திரி மாதிரி நாங்களும் தர்ம ஸ்தாபனம்தான், எங்களுக்கு வரி விலக்கு உண்டு என்றது போர்டு. மனை விற்பது வியாபாரம், வரியைக் கட்டு என்றார் லாகூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அதிகாரி. அவர் கேட்ட கணக்குகளோடு ஜல்லி நோட்டும் சேர்ந்து போயிற்று. அவருடைய குமாஸ்தா மூட்டை அரிசியை வீட்டில் இறக்கிச் சாப்பிட்ட வம்சம். அளக்கிற இடத்தில் ஒரு நாள் நின்றதில்லை. நாள் தவறாமல் முதல் வரியில் லாபம் என்றிருப்பதைக் கண்டதும் இங்கிலீஷில் 'பிராஃபிட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தர்மம் என்று சொல்லிக்கொண்டு தினம் தினம் லாபம்! அதிகாரி பிடித்துக்கொண்டார்.

போர்டின் செக்ரட்டரி கஸ்தூரிரங்கன் மயிலாப்பூர்க்காரர். வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"ஜல்லியில என்னய்யா லாபம் கண்டே?"

"எசமான், அது வந்து... அளக்கறப்ப ஒரு பேச்சுக்கு..."

"ஒரு பேச்சும் வேண்டாம். புதன்கிழமை விசாரணை. உன்னையும் கூப்பிட்டிருக்கா. அங்கே அந்த வார்த்தை உன் வாயிலேர்ந்து வரப்படாது. செத்தாலும் வரப்படாது. விலக்கு போச்சுன்னா உன் வேலையும் போச்சு, தெரிஞ்சுக்கோ."

வெள்ளைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் வாடகைக்கு என்ன வழி? சர்க்காரை ஏமாற்றினான் என்று விலங்கு மாட்டிவிட்டால் கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களை எவன் கட்டுவான்? ராயப்பேட்டையிலிருந்து அடையாறு வரை நடக்கும்போது விளக்குக் கம்பங்களை எண்ணிப் பழகினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒவ்வொரு 'ஒண்ணு'க்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உள்ளதை உள்ளபடி சொல்லிப்புடுங்களேன்" என்றாள் மனைவி முத்துலட்சுமி.

"ஐயா வேற மாதிரி சொல்லியிருக்காரு. நீ சும்மா இரு."

புதன்கிழமை வரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேவகன் இனாயத்துக்கே பாவமாக இருந்தது. "இன்னா நைனா, ஜுரமா கீதா? இப்டி நடுங்கிக்கினு கீறியே" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான்.

உள்ளே நடந்தது வெள்ளைச்சாமிக்குத் தெரியாது. போர்டு வக்கீல் கருணாகரன் அன்று காலைதான் தன் சமையல்காரரிடம் கேட்டு விஷயத்தைப் பிடித்திருந்தார். "தமிழ்நாட்டில் அளக்கிறவன் ஒன்றை லாபம் என்பான். அது மங்கல வார்த்தை, பணமில்லை" என்று அதிகாரியிடம் வாதாடினார். அதிகாரி நியாயஸ்தர். "அப்படியானால் அவனே எண்ணிக் காட்டட்டும்" என்றார். வக்கீலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செக்ரட்டரிக்கும் ஏகக் குஷி.

வெள்ளைச்சாமியை உள்ளே அழைத்தார்கள். மேஜையில் பன்னிரண்டு காகிதக் கட்டுகள்.

"எண்ணு" என்றார் குமாஸ்தா.

வெள்ளைச்சாமி செக்ரட்டரியைப் பார்த்தார். கஸ்தூரிரங்கனின் உதடுகள் சத்தமில்லாமல் 'லா... லா...' என்று துடித்தன. கண்கள் பிதுங்கின. அந்த வார்த்தை வரக்கூடாது என்று மிரட்டுகிறார், சந்தேகமே இல்லை. வெள்ளைச்சாமி குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு முதல் கட்டின்மேல் கை வைத்தார்.

"ஒண்ணு!"

கருணாகரன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அதிகாரி சிரித்தபடி எழுதத் தொடங்கினார்.

"லாபம்னா ஒண்ணுதான், நீ அப்படித்தான் எண்ணுவேன்னு உங்க வக்கீல் சொன்னார்" என்றார் குமாஸ்தா. "நீ ஒண்ணுன்னே எண்ணறியே!"

வெள்ளைச்சாமிக்குத் தலை சுற்றியது. "ஐயோ சாமி! நான் பொறந்ததிலேர்ந்து லாபம்னுதான் எண்ணுவேன்! செக்ரட்டரி ஐயாதான் அதைச் சொல்லாதேன்னாரு!"

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னதும் அதிகாரியின் பேனா நின்றது. சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா என்று கஸ்தூரிரங்கனைக் கேட்டார். ஆமென்றால் செக்ரட்டரி வேலை அன்றே போய்விடும்.

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

"எசமான், நீங்க சொல்லலையா?"

"இல்லை."

வெள்ளைச்சாமி முதலில் 'ஒண்ணு' என்றதையும் பிறகு மாற்றிப் பேசியதையும் குமாஸ்தா வாக்குமூலமாக இங்கிலீஷில் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் பயந்து, வெள்ளைச்சாமி கையெழுத்துப் போட்டார்.