கழுவி வைத்த சேதம்

படக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'கொஞ்சம் சிரிங்க'. முப்பது வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறார். கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்வார், வாளியை ஒதுக்கச் சொல்வார், தலையை வாரச் சொல்வார். பிறகு சிரிக்கச் சொல்வார். ஊரும் ஒழுங்காகப் பழகிக்கொண்டது.

அந்த ஒழுங்குதான் இப்போது அவர் காலை வாரியது. வெள்ளம் வடிந்ததும் வீடு வீடாகச் சேதத்தைப் படமெடுக்கும் வேலையை நகராட்சி அவரிடம் கொடுத்தது. படத்தில் சேதம் தெரிந்தால்தான் வீட்டைப் பழுதுபார்க்க உதவி. ஆனால் படக்காரர் வருகிறார் என்றால் போட்டது போட்டபடி வைக்க யாருக்கு மனம் வரும்? தையல்காரர் முங்கிக் கிடந்த மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பக்கத்தில் கைகட்டி நின்றார். அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, "கடை விளம்பரமா?" என்று திருப்பி அனுப்பினார்.

கடைசி நாளில் மிஞ்சியது சொந்த அக்கா வீடு. ஊறிப்போன கட்டிலையும் பீரோவையும் குப்பை லாரி அள்ளிப்போயிருந்தது. மூன்று நாள் தேய்த்ததில் சுவரில் சேற்றுக்கோடுகூட இல்லை.

"என்னக்கா இது?"

"நீ வர்றேன்னுதாண்டா கழுவினேன். நாலு பேர் பார்க்கிற படம். வீடு சேறா இருந்தா எதுக்கு ஆகும்?"

"சேறா இருந்தாத்தான்க்கா ஆகும்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. அடுத்த மழைக்கு இந்தச் சுவர் நிற்காது என்று கொத்தனார் சொல்லியிருந்தார்.

படக்காரர் சுவரையே பார்த்தார். நெஞ்சுயரத்தில் ஒரு வெற்று ஆணி. "கல்யாணப் படம் எங்க?"

"பரண்ல ஒளிச்சு வெச்சிருக்கேன். கெட்டுப்போச்சுடா. உங்க மாமா தலைதான் மிச்சம்."

அவர் தொழிலில் எடுத்த முதல் கல்யாணப் படம் அது. இறக்கி, அதே ஆணியில் மாட்டினார். கண்ணாடிக்குள் மாமாவின் கழுத்துவரை சேறு ஏறி, காய்ந்து, நேர்கோடாக நின்றது. தண்ணீர் எதுவரை வந்தது என்று இனி எந்த அதிகாரிக்கும் சொல்லவேண்டியதில்லை.

மாமா எட்டிப் பார்த்தார். "தலைக்கு மேல போனாத்தான் சாண் என்ன முழம் என்னம்பாங்க. எனக்குக் கழுத்தோட நின்னுடுச்சு, மாப்ளே."

"பேசாம பக்கத்துல நில்லுங்க, மாமா."

"சிரிக்கட்டுமாடா?" என்றாள் அக்கா.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "வேண்டாம்க்கா" என்றார்.

இருவரும் விறைப்பாக நின்றார்கள். ஆணியில் தொங்கிய மாமா மட்டும், அன்று சொன்னபடி, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.