பாரன் தீவில் இறங்கியவள்

நாகு போய்விட்டாள்.

நேற்று மாலை. சென்னையில், ஆஸ்பத்திரியில். இதயமாம்... செக்கப்புக்கு என்றுதான் தீவிலிருந்து மெயின்லேண்ட் போனாள். திரும்பி வரும் டிக்கெட்டைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே ஓர் உத்தரவு: "ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துட்டு வந்துருடி."

தெரியாதவர்களுக்காக. நாகேஸ்வரி, என் ஆபீஸில் ஜியாலஜிஸ்ட். நானும் அதே வேலைதான், ஒன்றாகச் சேர்ந்தோம், ஹேடோ குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் அவளுடையது. நான் திருநெல்வேலி.

இந்த மாதிரிப் பதிவில் நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும். எனக்கு முதலில் வருவது பொறாமைதான். மறைத்து என்ன செய்ய... அவளுக்கே தெரியும்.

எங்கள் பிழைப்பு எரிமலைக் கல். லாவா ஆறிக் கல்லாகும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தத் திசையைக் காட்டியதோ அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பூமியின் காந்த வடக்கு பல முறை தலைகீழாகப் புரண்டிருக்கிறது என்று நமக்குத் தெரிந்ததே இப்படிப்பட்ட கற்களால்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. உடைத்து எடுப்பதற்கு முன்பே கல்லின் மேல் அம்பு போட்டுவிட வேண்டும், வடக்கு எந்தப் பக்கம் என்று. அம்பு இல்லாமல் கையில் வந்துவிட்டால் அது வெறும் கல்.

சேர்ந்த புதிதில் சிடியாடாப்பு பக்கம் கடலோரப் பாறையில் எங்களுக்குப் பயிற்சி. அவளுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் காம்பஸைப் பாறை மேலேயே வைத்து மடமடவென்று அம்பு போட்டேன். பக்கத்திலேயே இரும்புச் சுத்தியல் வேறு. பாறையிலும் காந்தம், சுத்தியலிலும் காந்தம்... முள் தன் இஷ்டத்துக்குத் திரும்பியிருக்கிறது. மானம் போயிற்று.

நாகு காம்பஸைத் தொடவே இல்லை. ஒரு சின்னப் பலகையில் குச்சி நட்டு, நிழலையும் நேரத்தையும் வைத்துத் திசை பார்ப்பாள். மேகம் வந்தால் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஜீப் டிரைவர் கத்தினார். "மேடம், சலோ! பாரிஷ் ஆயேகா!"

"ருகோ பையா, சூரஜ் தோ ஆனே தோ." மழை வந்தால் வரட்டும், சூரியன் வராமல் எழுந்திருக்க மாட்டாளாம்.

பிறகு என் பக்கம் திரும்பி, "என்னாத்துக்குடி மொறைக்கிற? ஒன் அம்பு நாலா பக்கமும் ஓடுது. போயி டீ வாங்கிட்டு வா" என்றாள்.

வாங்கி வந்தேன். வயிறு எரிய எரிய.

பாரன் தீவு. நம் நாட்டில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும் எரிமலை. அங்கே கால் வைக்க வேண்டும் என்றுதான் நான் இந்தப் படிப்பே படித்தேன். கப்பலிலிருந்து கரைக்குப் போகும் சின்னப் படகில் எங்களில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும்.

முதல் முறை போனபோது நான் வாந்தி எடுக்க வாளியும் கையுமாகச் சுருண்டு கிடந்தேன். அவள் இறங்கினாள்.

அடுத்த முறை மாத்திரை போட்டு, லைஃப் ஜாக்கெட் மாட்டி, முதல் ஆளாக நின்றேன். அன்று பார்த்து கடல் பொங்கியது. படகுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "பஸ், ஏக் ஹி மேடம். வோ வாலி. கூத்னா ஜான்தி ஹை."

ஒருத்திதானாம், அதுவும் அவள்தானாம், அவளுக்குத்தான் குதிக்கத் தெரியுமாம். கச்சால் படகுத்துறையில் குதித்து வளர்ந்தவள், தெரியாமல் என்ன!

டெக்கிலிருந்து பார்த்தேன். கரிய சாம்பல் சரிவு, மேலே புகை, நடுவில் ஆரஞ்சு ஜாக்கெட்டில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குக்கூட ஒரு மிடுக்கு.

கந்தக வாடையோடு திரும்பி வந்து என் மடியில் ஒரு கறுப்புக் கல்லை வைத்தாள். "இந்தா, ஒனக்குன்னு தனியா எடுத்தேன். அம்பு போட்டுத்தான்." கடலில் வீசலாமா என்று இருந்தது. வீசவில்லை.

இன்னொன்று. ஹேவ்லாக் தீவில் ஒரு ஸ்கூல். எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நான் ராத்திரியெல்லாம் ஸ்லைடு செய்துகொண்டு போனேன். கொட்டாவி விட்டார்கள்.

நாகு கையை வீசிக்கொண்டு வந்தாள். பருப்பை வாயில் வைத்ததும் உப்புக் கூடுதலா, காரம் கூடுதலா என்று சொல்லிவிடுகிறீர்கள் இல்லையா, கல்லும் அப்படித்தான் என்று ஹிந்தியில் ஆரம்பித்தாள். நம் தீவுகளுக்கு அடியில் பழைய கடல்தரை ஒன்று இறங்கிக்கொண்டே இருக்கிறது, அதன் தண்ணீரும் சேறும் ஆழத்தில் போய்ச் சேரும்போது அங்குள்ள பாறை உருகுகிறது, கல்லைப் பொடித்துச் சோதித்தால் அந்தக் கடலின் ருசி அதில் இருக்கும்...

ஒரு பையன் கல்லை நக்கியே பார்த்துவிட்டான். ஸ்கூலே சிரித்தது. குரூப் போட்டோவில் அவள் நடுவில், நான் ஓரத்தில், பாதி தோள் கட்.

இன்று காலை ஆபீஸர் போன் செய்தார். தயங்கித் தயங்கி, "இந்த சீசன் பாரன் ட்ரிப்... நாகேஸ்வரி மேடம் பேர்தான் போட்டிருந்தோம். நீங்க போறீங்களா?"

போகிறேன் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

அவள் தந்த கல் என் மேஜையில் இருக்கிறது. அம்பு மங்கிவிட்டது. தடிப்பாக்கலாம் என்று மார்க்கரைத் திறந்தேன்... மூடி வைத்துவிட்டேன். அங்கே நின்று போட்டவள் அவள். நான் இல்லை.

நாளை மதிய ஃபிளைட்டில் கொண்டுவருகிறார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் வண்டி எடுத்துப் போகிறேன், அவள் சொன்னபடியே.

போய் வாடி நாகு.

அங்கேயும் எனக்கு முன்னால் குதித்துவிட்டாய்.