ஒத்திகை அக்காவின் கல்யாணம்

கல்யாண ஒத்திகைக்குப் பெண் வராமல் போகலாம், மாப்பிள்ளை வராமல் போகலாம், மின்சாரம்கூட வராமல் போகலாம். ஒத்திகை அக்கா வராமல் போனதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்துவாள். நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளைத் தூளைக் கழுவுவாள். ஆறு மணிக்கு ஆலயத்தின் நடுவழியில் நின்றுகொண்டு, சனிக்கிழமை கல்யாணம் செய்துகொள்ளப் போகிற ஜோடியை விரட்டிக்கொண்டிருப்பாள்.

இந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை இடது கையை நீட்ட, பெண் வேறொரு படியில் முழங்காலிட, போதகர் இருவரையும் தோளைப் பிடித்து நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரமே போதகரிடம் போய், இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவரும் பிழைத்தோம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

"மெதுவா நடம்மா. பஸ்ஸைப் பிடிக்கவா போற?" என்பாள் பெண்ணிடம். "தம்பி, அவ வர்றப்ப அவளைப் பாருங்க. கூரையில என்ன இருக்கு?" என்பாள் மாப்பிள்ளையிடம்.

எதற்கென்று தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்வது அவளுக்குப் பிடிக்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி விளக்கம் சொல்வாள். பெண் தன் வீட்டாரோடு வருகிற வழியிலேயேதான் புருஷனோடு திரும்பிப் போகிறாள்; வழி ஒன்று, போகிறவள் வேறு. முகத்தில் போட்ட வெள்ளை வலையை விலக்குவது எதற்கு? "இவ்வளவு நாளா அவளைக் கொஞ்சம் கலங்கலாத்தான் பாத்தீங்க. இனிமே தெளிவாப் பாக்கணும். பாத்துட்டு ஓடக்கூடாது." மேடையில் இரண்டு பக்கமும் எரியும் மெழுகுவர்த்திகள் இரண்டு குடும்பங்கள். அந்தச் சுடரை எடுத்துத்தான் இரண்டு பேரும் நடுவிலுள்ள பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். "ரெண்டு லென்ஸ் இருந்தாலும் பாக்குற பார்வை ஒண்ணுதானே? அந்த மாதிரி" என்று தன் கடையிலிருந்தே உதாரணம் எடுத்துக்கொள்வாள். இறையியல் படித்தவர்கள் இதைவிட அழகாகச் சொல்வார்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் வியாழக்கிழமை வருவதில்லை.

இதில் அவளிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, வாக்குறுதி கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும். பேக்கரியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, போன வருஷம்தான் கல்யாணமானவள், எறும்புக்குச் சொல்வதுபோலப் பேசினாள். அக்கா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, "கேக்கலை" என்றாள். பெண் மறுபடி சொன்னாள். "கேக்கலை." ஏழு தடவை ஆயிற்று. எட்டாவது தடவை அந்தப் பெண் கோபத்தில் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. "இப்பக் கேட்டுச்சு" என்றாள் அக்கா.

இரண்டாவது சட்டம் முதல் வருஷத்தில் பட்ட அடியிலிருந்து வந்தது. அன்றைக்குப் பெண்ணைத் தையல்காரர் பிடித்து வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தனியாக நின்றான். நேரம் போகிறதே என்று அக்கா பெண்ணின் இடத்தில் நின்றாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி, சாவு நம்மைப் பிரிக்கும்வரை என்று முழுசாகச் சொல்லி முடித்தபோது வாசலில் பெண்ணும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். "இங்க யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார் அந்த அம்மா. சமாதானப்படுத்துவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒத்திகையில் யாராக இருந்தாலும் வாக்குறுதியை "இன்று முதல்" என்கிற இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு "மீதி அப்படியே" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். மீதியைச் சனிக்கிழமை கர்த்தருக்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம்.

குழாய்க்காரர் இந்தக் கதைக்குள் வந்தது ஆலயத்தின் பின்பக்கக் கைகழுவும் தொட்டியின் அடியிலிருந்து. ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு மாப்பிள்ளையின் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். தொட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க. பத்து நிமிஷம் மாப்பிள்ளையா நிக்கணும்."

கால்கள் அசையவில்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருக்குங்க?"

"யாருக்கும் இல்ல. சும்மா."

ஐம்பதைத் தாண்டிய மனிதர், மனைவியை இழந்து பல வருஷங்களாகத் தனியாக இருந்தவர், முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடும் பின்பையில் குறடோடும் வந்து நின்றார். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். சொல்லச் சொன்னதைச் சொன்னார். சும்மாதான் என்று சொல்லியிருந்தும், தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பவரைப்போல அத்தனை கவனமாகச் சொன்னார். ஒத்திகைக்கு மோதிரத்துக்குப் பதிலாக அக்கா வைத்திருந்த திரைச்சீலை வளையத்தைக் காணவில்லை. அவர் தன் பையைத் துழாவி ஒரு ரப்பர் வாஷரை எடுத்துக் கொடுத்தார்.

"மோதிரம்னா ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. அதுக்குத்தான் வட்டமா இருக்கு" என்று அக்கா வழக்கம்போல விளக்கினாள்.

"வாஷரும் அப்படித்தாங்க. ரெண்டு குழாய் சேர்ற இடத்துல கசியாமப் பிடிச்சுக்கும்" என்றார் அவர்.

இருபது வருஷமாக மோதிரத்துக்கு விளக்கம் சொல்லிவந்தவளுக்கு இது தோன்றவே இல்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அதையும் சேர்த்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து அவரும் வந்தார். ஆலயத்தில் ஏதாவது ஒரு குழாய் வியாழக்கிழமை பார்த்துக் கசிந்துகொண்டே இருந்தது. எந்தக் குழாய் என்று யாரும் கேட்கவில்லை. வராத மாப்பிள்ளைக்கு அவர், வராத பெண்ணுக்கு அவள், இரண்டு பேரும் வராவிட்டால் குடும்பத்தாருக்கு வழிகாட்ட இரண்டு பேருமே. இப்படி ஆறு வருஷத்தில் அவர்கள் எத்தனை தடவை கைகோத்து நடுவழியில் நடந்தார்கள் என்பது அந்தக் கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

இந்த வருஷத் தொடக்கத்தில் குழாய்க்காரர் கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டுமென்று கடைக்கு வந்தார். அவருடைய மூக்குத்தண்டின் அகலத்தை அவள் அளந்துகொண்டிருந்தபோது, அசையக்கூடாத நேரம் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை நாளைக்கு அடுத்தவங்க கல்யாணத்துக்கே ஒத்திகை பாத்துக்கிட்டிருக்கிறது?"

"ஆடாம இருங்க. அளவு தப்பிடும்" என்றாள். மறுபடி அளந்தாள். மறுபடியும் தப்பியது. மூன்றாவது தடவை அளவுகோலை மேஜைமேல் வைத்துவிட்டு, "சரி" என்றாள்.

ஊரே சந்தோஷப்பட்டது. தங்கை போனில் அழுது, உடனே சிரித்து, உடனே பட்டியல் போட ஆரம்பித்தாள். அக்காவும் பத்து நாள் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தாள். பதினொன்றாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று, சும்மா சொல்லிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தாள்.

"உம்மை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன். இன்று முதல்..."

பாடம் ஒப்பிக்கிற குரல். அவளுக்கே தெரிந்தது. மறுபடி சொன்னாள். கிட்டத்துப் பார்வை, தூரத்துப் பார்வை என்று கடையில் கண் டாக்டர் சீட்டை வாசிக்கிற அதே குரல். அவ்வளவுதான், மனசு இடிந்துவிட்டது. தங்கை துணியோடு வந்து நின்றபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா?"

"அந்த வார்த்தை தேஞ்சு போச்சுடி. கண்ணாடியில சின்னத் திருகாணி இருக்கும் பாரு, மரை தேஞ்சா எவ்வளவு சுத்தினாலும் பிடிக்காது. அதே மாதிரி ஆயிடுச்சு. எத்தனை மாப்பிள்ளைகிட்ட சும்மா சொல்லியிருக்கேன். இப்ப நிஜமாச் சொல்லணும்னா உள்ள ஒண்ணுமே பிடிக்க மாட்டேங்குது."

"பயத்துல சொல்ற. அதெல்லாம் அன்னிக்கு வரும்."

"வரலைன்னா? கர்த்தர் முன்னாடி நின்னு பொய் சத்தியம் பண்ணச் சொல்றியா? அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார்?"

அக்கா அன்றைக்கே குழாய்க்காரரிடமும் போய் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மனசோடு வந்தால் சொல்வேன், வராவிட்டால் சொல்ல மாட்டேன், திரும்பி நடந்துவிடுவேன், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. வரலைன்னா நானும் கூடவே திரும்பிடுறேன். எங்கயாவது உக்காந்து டீ குடிக்கலாம்" என்றார்.

இப்படி ஒரு மனிதரிடம் பொய் சொல்லக்கூடாது என்கிற பிடிவாதம்தான் இதனால் கூடியது.

அவர்களுக்கு ஒத்திகை நடக்கவில்லை. யார் நடத்துவது? சனிக்கிழமை காலை ஆலயம் நிறைந்திருந்தது. அவள் விரட்டி வேலை வாங்கிய ஜோடிகள் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் பேக்கரிப் பெண் புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் கோலத்தில் வாசலில் நின்றவள், நடுவழியில் விரிப்பு ஓரத்தில் மடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுக் குனிந்து சரிசெய்யப் போனாள். தங்கை முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னிக்கு நீ பொண்ணு. பேசாம நட."

நடந்தாள். மேடைப்படியில் குழாய்க்காரர் கோட்டுக்குள் விறைப்பாக நின்றார். மூக்கில் அவள் செய்துகொடுத்த கண்ணாடி. அவள் சொல்லிக்கொடுத்தபடியே கூரையைப் பார்க்காமல் அவளையே பார்த்தார். வலையை விலக்கினார். இரண்டு பக்கத்து மெழுகுவர்த்திகளும் ஒழுங்காக எரிந்தன. எல்லாமே சரியாக நடந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இன்னொரு வியாழக்கிழமைபோலவே இருந்தது.

முதலில் அவர் சொன்னார். வாழ்விலும் தாழ்விலும், நோயிலும் நலத்திலும், ஒரு சொல் விடாமல், நிதானமாக, கடைசிவரைக்கும் சொல்லி முடித்தார். எந்த வார்த்தையும் தேயவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி நடக்க வாசல் எவ்வளவு தூரம் என்று ஒரு கணம் மனசு அளந்தது.

போதகர் அவளுக்கு எடுத்துக் கொடுத்தார். அவளும் திருப்பிச் சொன்னாள். "உம்மை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்." கடையில் சீட்டு வாசிக்கும் குரல் கணீரென்று வந்தது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே ஒன்றும் பிடிக்கவில்லை. கண் கலங்க வாய் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது.

"இன்று முதல்... மீதி அப்படியே."

ஆலயம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. இருபத்தாறு வருஷத்து ஜோடிகளுக்கும் அந்த இரண்டு வார்த்தை அத்துப்படி. தங்கை கையால் முகத்தை மூடிக்கொண்டாள். போதகர் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார்.

"அந்த மீதிக்காகத்தானம்மா எல்லாரும் வந்திருக்காங்க" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த வார்த்தை என்ன என்று நாக்குக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் வருஷத்தில் ஒரே ஒரு தடவை, யாரோ ஒரு பையனிடம் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு எந்த வியாழக்கிழமையும், எந்த மாப்பிள்ளையிடமும், இவரிடமும்கூட இதற்குமேல் சொன்னதே இல்லை. தேய்ந்ததெல்லாம் இதுவரைக்கும்தான். மீதி முழுக்க அப்படியே இருந்தது.

போதகர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "வாழ்விலும் தாழ்விலும்" என்றாள். குரல் உடைந்தது. "நோயிலும் நலத்திலும்" என்றாள். ஈரத்தில் முழங்காலிட்டே வாதம் வந்த அவருடைய வலது முழங்கால் நினைவுக்கு வந்தது. எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் கை அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் கையும் பிடித்திருந்தது.

"சாவு நம்மைப் பிரிக்கும்வரை உம்மோடு இருப்பேன்."

அதை அவள் முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து பேக்கரிப் பெண்ணின் குரல் வந்தது.

"அக்கா, கேக்கலை."

அக்கா திரும்பவில்லை.

"கேக்க வேண்டியவருக்குக் கேட்டுடுச்சு" என்றாள்.

குழாய்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.