மிக்ஸி ஓடாத காலை

நான் எம்.எஸ்ஸி. படித்தபோது, கரைசலின் நிறத்தை அளக்க எங்கள் கல்லூரியில் இருந்த ஒரே கருவி பழுதாகிவிட்டது. ஓர் எல்.இ.டி. விளக்கையும் பழைய மீட்டரையும் வைத்து நானே ஒன்றைச் செய்து, தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு வீட்டில் ஆய்வைத் தொடங்கினேன். முருங்கைக்கீரைச் சாறு விட்டால் ஊதாக் கரைசல் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ, கீரையின் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி அவ்வளவு.

ஆனால் மீட்டர் முள் நிலையாக நிற்கவே இல்லை. கீரையைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், அக்கம்பக்கத்தில் மிக்ஸி ஓடும்போதெல்லாம் வோல்டேஜ் குறைந்து என் விளக்கு மங்கியிருக்கிறது. மறுநாள் கல்லூரியில் முடிவுகளைக் காட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“இதுக்கா மூஞ்ச தொங்க போட்டுகினு கீற? நீ போ, நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை எங்கள் மாடியில் ஒரு மிக்ஸிகூட ஓடவில்லை. முள் அசையாமல் நின்றது. அளந்து முடித்து வெளியே வந்தால், எல்லா வீட்டிலும் இட்லிக்குப் பொடிதான்.

பேட்டரி போட்டிருந்தாலே போதும் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வெட்கத்தோடு அக்காவிடம் சொன்னேன்.

“அத்த வெளிய சொல்லிடாத. உன் படிப்புக்கு ஏதோ செஞ்சோம்னு எல்லாரும் சந்தோஷமா கீறாங்க.”

இதை எழுதும்வரை நான் சொல்லவில்லை.