ஷோல்டர் என்றால் எந்த இடம்

என் தங்கை பாரதி ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலைத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். பதனிட்ட மாட்டுத் தோலை இரு கையாலும் தூக்கி மேசைமேல் வீசி விரிப்பாள். அது படிவதற்குள் கீறல், உண்ணிக்கடித் தழும்பு எல்லாம் அவள் கண்ணில் பட்டுவிடும். நான் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். புதிதாக யார் சேர்ந்தாலும், "அதோ, அது என் தங்கச்சி" என்று காட்டாமல் விட்டதில்லை.

தை மாதம் அவளுக்கு வலது கையைத் தூக்க வரவில்லை. சீப்பு தலைக்கு எட்டவில்லை. சூப்பர்வைசர் ஜியாவுல்லா நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"ரம்ஜான் வரைக்கும் பாக்குறேன் பாரதிம்மா. அப்பவும் கை ஏறலன்னா பேக்கிங்குக்குத்தான் மாத்தணும். நான் இன்னா பண்றது?"

"உன் பக்கத்துல வந்து டேப் ஒட்டணுமாக்கா?" என்றாள் பாரதி. கோபமா கிண்டலா, எனக்குத் தெரியவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில், மூட்டு இறுகிவிட்டது, பயிற்சிதான் வழி என்றார்கள். பயிற்சி சொல்லித்தரும் ஜெனிட்டா மேடம், தன் உள்ளங்கையிலேயே விரல்களை நடக்கவிட்டுக் காட்டினார். "ஷோல்டர் சுவர் பக்கம் இருக்கணும். விரலை இப்படி மெதுவா மேல ஏத்துங்க. லேசா வலிச்சா பரவால்ல, ஜாஸ்தி வலிச்சா நிறுத்திடுங்க."

எங்கள் தொழிலில் ஷோல்டர் என்றால் ஒரே இடம்தான். தோலில் கழுத்துக்குக் கீழே, முதுகு தொடங்கும் பகுதி. ஆகவே பாரதி மேல்முதுகைச் சுவரில் ஒட்டி நின்று, கையைப் பின்னால் வளைத்து விரலை ஏற்றப் பார்த்தாள். முதுகுக்கும் சுவருக்கும் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் நான் அழுத்திச் சரிசெய்தேன். விரல் இடுப்பைத் தாண்டவில்லை.

"அக்கா, இது வைத்தியமா, போலீஸ் அடியா?"

"மேடம் சொன்னது இதான்டி. நானும்தானே கேட்டேன்."

"லேசான வலி இன்னா, ஜாஸ்தி வலி இன்னா? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது."

செய்யாவிட்டால் இறுகும் என்கிறார்கள். செய்தால் வலி கூடுகிறது. எதைத்தான் நம்புவது?

ரம்ஜானுக்கு முன்னால் மறுபடி வேலூர் போனோம். "வீட்ல பண்ற மாதிரி பண்ணிக் காட்டுங்க" என்றார் மேடம். பாரதி சுவரில் முதுகை ஒட்டினாள்.

"ஏங்க, ஷோல்டர் இதுங்க!" மேடம் தன் தோளைத் தட்டினார்.

"அது தோள் மேடம். ஷோல்டர் இங்க இருக்குது." பாரதி பிடரிக்குக் கீழே தொட்டுக் காட்டினாள்.

"யாரு சொன்னா?"

"மாட்டுக்கு அங்கதான்."

மேடம் சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு அவளைச் சுவருக்குப் பக்கவாட்டில் நிறுத்தினார். விரல் தோள் உயரத்துக்கு ஏறியது. பாரதி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரம்ஜானுக்குள்ள சரியாயிடுமா மேடம்?"

"இல்லம்மா. மாசக்கணக்காகும்."

மறுநாள் அவள் நேராக ஜியாவுல்லாவிடம் போனாள். "பாய், கைதான் ஏறல. கண்ணு நல்லாத்தான் இருக்குது. தூக்கி விரிக்க ஒரு ஆள் குடுங்க, நான் பாத்துப் பிரிக்கிறேன்."

"ஒரு மேசைக்கு ரெண்டு பேரா? பேஜாருமா. மேல கேட்டுப் பாக்குறேன்."

கேட்டார், சரி என்றார்கள். இப்போது செல்வகுமார் விரிக்கிறார். "மெதுவா வீசுண்ணா, மடிப்பு விழுது" என்று இவள் அதட்டுகிறாள். இந்த ஏற்பாடு எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. மேசை இன்னும் அவளுடையதா, பாதிதான் அவளுடையதா, எனக்குப் புரியவில்லை. அவளையே கேட்டேன்.

"தோலு என் முன்னாடிதானே விழுது? விடுக்கா" என்கிறாள்.