காப்புக் கட்டிய கையோடு கொட்டகையில் வைத்த வேண்டுதல்

அம்மன் என் வேண்டுதலை எங்கே வைத்துக் கேட்டாள்? கோயிலிலா, சினிமாக் கொட்டகையிலா? மூன்று வருடமாக யோசிக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி இந்தப் பக்திப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

என் மகள் மீனாவுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. பால் கொடுக்கும்போது மார்பில் கல் போல ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. போடியில் உள்ள டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார். அங்கே சிறிது சதையை வெட்டிச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தானா என்று தெரிந்த பிறகுதான் வைத்தியம், முடிவு வந்ததும் டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நான் ரயிலேறி வீடு திரும்பினேன். எனக்கு முன்னால் பேச்சு ஊருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை இறங்கி, திங்கள் விடியுமுன் ஏறிவிடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் அத்தையும் நானும்தான். அத்தை என்றால் என் மாமியார். நான் வந்த அன்றே எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் குரங்கணியிலிருந்து நாத்தனார் வந்து, தன்னோடு கொண்டுபோக மீனாவைத் தூக்கினார்.

"ஒட்டுவாரொட்டி நோய் இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க, அத்த" என்றேன்.

"நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா டாக்டரா வந்து அழுவா? கைய விடுத்தா" என்றார் அத்தை.

விட்டேன். விட்டிருக்கக் கூடாதோ என்று இன்றும் தோன்றுகிறது. அன்று இரவெல்லாம் பால் கட்டி வலித்தது. பிழிந்து சுவரோரம் ஊற்றினேன்.

ஒருநாள் சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். முடிவு வரவில்லை என்றார். திரும்பும் வழியில் ஊர்க்கடைசியில் டூரிங் கொட்டகை. சாமிப் பாட்டு ரெக்கார்டு வைத்துவிட்டார்கள். அது கேட்டால் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தேன்.

என்ன படம் என்றுகூட நான் பார்க்கவில்லை. திரையில் ஒரு தாய் அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஏன் அழுகிறாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பக்கத்தில் ஏலக்காய் வாசத்தோடு ஒரு பெண், மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் தரம் பார்த்துக் காய் பொறுக்கிவிட்டு நேரே வந்தவள். மூக்கைச் சிந்திவிட்டு வறுகடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். நான் கைவைத்த பொட்டலத்திலிருந்தே அவளும் தின்றாள்.

அதற்காகவே மறுபடியும் போனேன். முடிவு வரவில்லை என்று டாக்டரம்மா சொல்லும் நாளெல்லாம் போனேன். ஊர் வாயை மூடுமா? குழாயடியில் என் காதில் விழும்படி பேசினார்கள்.

"சாகப் போறவளுக்குச் சோக்கைப் பாரு."

"சாகுறதுக்குள்ள எல்லாப் படத்தையும் பாத்துப்புடணும்லக்கா."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று பக்தர்கள் சொல்வீர்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

பங்குனித் திருவிழா வந்தது. அம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினேன். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி எங்கும் தங்கக் கூடாது, கேளிக்கை கூடாது. வருடாவருடம் திருவிழா பார்க்கும் எனக்கு இது தெரியாததல்ல. மதுரைக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தால் என்ன செய்வது என்றுதான் யோசிக்கவில்லை. காப்புக் கட்டினால் நல்ல செய்திதான் வரும் என்று நம்பிவிட்டேன்.

கோயிலில் கூழ் ஊற்றிய அன்று வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் தன் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அங்கிட்டுத் தள்ளி நில்லுத்தா. சின்னப்புள்ளைக நிக்கிற எடம்."

என் கையிலும் அதே மஞ்சள் கயிறுதான். அம்மனைப் பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்தப் பெண் மேல் வந்த கோபம் அம்மன் மேலும் பாய்ந்தது. கூழ் வாங்காமல், மஞ்சள் சேலையோடு நேரே கொட்டகைக்கு நடந்தேன்.

"காப்புக் கையோட உள்ள போறியே தாயி, ஆத்தா கண்ணக் குத்தும்" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

"ரெண்டையும் குத்தட்டும். டிக்கெட்டக் குடுங்கண்ணே."

ஏலக்காய்க்காரி இருந்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள். "காப்பா? நல்லா வேண்டிக்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

விளக்கணைந்தது. படம் ஓட ஓட வேண்டினேன். வேண்டினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி. "ஆத்தா, நல்லதோ கெட்டதோ, சொல்லித் தொலை. என் பிள்ளையை என்கிட்டக் குடு. குடுத்தா அவளைக் கூட்டிவந்து, இதே மணல்ல உக்காந்து உன்னைக் கும்பிடுவேன்."

மறுநாள் காலையில் டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்துவிட்டார். புற்றுதான். ஆனால் ஆரம்ப நிலை. உடனே அறுத்துவிட்டால் பிழைக்கலாம். நாளை ரயிலுக்கே மதுரை போய்ப் படுக்க வேண்டும், தள்ளினால் அந்தக் கட்டில் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றார்.

திருவிழா முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"காப்போட எல்லை தாண்டுனா குடும்பமே வெளங்காது. ஆத்தாள மதிக்காமக் கொட்டகைக்குப் போனேல்ல, அதான் மாட்டிவிட்டிருக்கா" என்றார் அத்தை.

மலைக்கு ஆளனுப்பியிருந்தோம். வீட்டுக்காரர் இறங்கி வர மாலையாகும். காத்திருக்காமல் நானே பூசாரியிடம் போனேன். அத்தையும் கூடவே வந்தார், என்னைத் தடுக்கத்தான். ஒரே வீட்டு ஆள் யாராவது சட்டியை ஏற்றுக்கொண்டால் காப்பை மாற்றிக் கட்டலாம் என்றார் பூசாரி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தையே கையை நீட்டினார்.

"உம் மேல உருகிக்கிட்டு நான் ஒண்ணும் கட்டல. தாயில்லாப் புள்ளைய வளக்க இந்த வயசுல எனக்குத் தெம்பில்ல, அதுக்குத்தான். ஆனா ஒண்ணு. இனிமே அந்தக் கொட்டகைப் பக்கம் மிதிக்க மாட்டேன்னு ஆத்தா முன்னால துன்னூறத் தொட்டுச் சொல்லு."

திருநீற்றைத் தொட்டுச் சொன்னேன்.

வீட்டுக்காரரோடு மறுநாள் ரயிலேறினேன். மதுரையில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு கதிர் வைத்தியம். புண் ஆறிற்று. நான் அங்கே படுத்திருந்தபோதே அத்தை சட்டி எடுத்திருந்தார். நான் வீடு திரும்பியபோது அவர் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்த தடம் இருந்தது. குரங்கணியிலிருந்து மீனாவை வரவழைத்து வைத்திருந்தார். "இந்தா உம் புள்ள. அழுதே உசுர வாங்குது" என்று என் மடியில் போட்டார். என் முகம் மறந்து மீனா வீறிட்டாள். சில நாள் கழித்துத் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டாள். இப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

இப்போது நான் பயந்து ஒதுங்குவதில்லை. கட்டி என்று ரகசியமாக வந்து சொல்லும் பெண்களை நானே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போகிறேன். சகோதரிகளே, அம்மனிடம் நல்ல வார்த்தையில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். அவள் தாங்கிக்கொள்வாள். என்னைத் தாங்கினாள்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. வரும் ஆடியோடு கொட்டகையைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்களாம். மீனாவோடு அந்த மணலில் உட்கார்ந்து கும்பிடுவதாக அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே மிதிக்க மாட்டேன் என்றும் அதே அம்மன் முன்னால் சொல்லியிருக்கிறேன். அத்தையிடம் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "நெருப்பு எங் கையில, கும்பிடு கொட்டகைக்கா?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தழும்பு இன்னும் இருக்கிறது.

இரண்டு வாக்கில் எதைக் காப்பது? விவரம் தெரிந்தவர்கள் கொட்டகையைப் பிரிக்கும் முன்னால் இந்தப் பத்திரிகைக்கு எழுதிச் சொல்லுங்கள்.